யானை விலைப் புத்தகம்

"அந்தக் காலேஜ் புத்தகத்தை எடைக்குப் போட்டுத் தொலையேன்!" உள்ளறையிலிருந்து கணவன் எரிந்து விழுந்தான்.

"அப்பா யானை விலை கொடுத்து வாங்கித் தந்ததுங்க."

"கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுட்டே. இப்போ தினமும் அதைப் புரட்டி என்ன ஆகப்போகுது? ஒரு பிரயோஜனமும் இல்ல."

மனைவிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் புத்தகத்தோடு உள்ளே போனாள். கட்டிலில் அந்தப் பிசியோதெரபி புத்தகத்தை விரித்து, படத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். போர்வையை விலக்கி, விபத்துக்குப் பிறகு உணர்ச்சியே இல்லாமல் கிடந்த அவன் காலை வழக்கம்போல் மெதுவாக மடக்கினாள்.

"ஐயோ, வலிக்குதுடி!"

அவள் கை அப்படியே நின்றது.

"என்ன சொன்னீங்க?"

அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது.

"வலிக்குது..." என்றான் மறுபடியும், தன் காலையே பார்த்தபடி.