சிவப்புக் கோழிக்குத் தனிக் கூடை

“புதுசா வந்தவளை ரத்தம் வர்ற அளவுக்கா கொத்தறது? கேக்க ஆளில்லைன்னு நெனப்பா?”

முற்றத்தில் நின்று ஹோசியத் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது. அவள் கையிடுக்கில் போன வாரச் சந்தையில் வாங்கிய வெள்ளைக் கோழி. அதன் கழுத்தில் ஒரு பிடி இறகைக் காணோம். கொத்திய சிவப்புக் கோழி, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் முசுக்கொட்டை மரத்தடியில் ஒற்றைக் காலில் நின்றது.

எளியவர்களை யாராவது வாட்டினால் ஹோசியத்துக்குப் பொறுக்காது. காயத்துக்குப் போடும் பச்சை மருந்தைக் கேட்டுக் கத்தினாள். சின்ன மருமகள் மோஹிரா மூச்சிரைக்க ஓடி வந்து புட்டியை நீட்டினாள்.

“மருந்து வந்துடுச்சு, சரி. பஞ்சை யாரு, உங்க அம்மா சமர்கந்துலேர்ந்து கொண்டு வருவாங்களா?”

மோஹிரா மறுபடி ஓடினாள். வந்த புதிதிலேயே பழக்கிவிட்டால்தான் மருமகள் உருப்படுவாள் என்பது ஹோசியத்தின் கொள்கை. பெரிய மருமகள் சனோபரை ஒன்பது வருடமாகப் பழக்கிக்கொண்டிருக்கிறாள்.

மதியத்துக்குள் கால்நடை டாக்டர் மூமின் வந்து சேர்ந்தார். வெள்ளைக் கோழியைத் தனியாக அடைத்து வைக்கப் போவதாக ஹோசியத் சொன்னதும் அவர் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“அடி வாங்கினதை எதுக்கு அக்கா அடைக்கணும்? கொத்தினதை அடைங்க. நம்ம வீட்டுல பெரியவங்களுக்கு மேல் மெத்தை, சின்னவங்களுக்குக் கதவோரம்னு இருக்கில்ல? கோழிக்கும் அப்படித்தான். உங்க சிவப்பு மேல் மெத்தையைப் பிடிச்சு வெச்சிருக்கு.”

“அதுக்கு?”

“பத்து நாள் மத்த கோழிங்க கண்ணுலயே படக் கூடாது. அதுக்குள்ள அதுங்க தங்களுக்குள்ள புதுசா ஒரு வரிசை போட்டுக்கும். திரும்பி வரும்போது இதுதான் கதவோரம்.”

ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்த ஹோசியத்தின் கணவர் ஹாஷிம் தலையை நிமிர்த்தினார். வருடத்துக்கு மூன்று முறை வாய் திறக்கிற மனிதர்.

“வயசான கோழியா இருந்தா, டாக்டர்?”

“நம்ம கோழிக்கு ரெண்டு வயசுதான்” என்று ஹோசியத் குறுக்கே பாய்ந்தாள். “தெரியாத விஷயத்துல ஏன் வாயை வைக்கறீங்க?”

“வயசானதுன்னா நாள் கொஞ்சம் கூடப் பிடிக்கும்” என்றார் டாக்டர். ஹாஷிம் தலையாட்டிவிட்டு ரொட்டிக்குத் திரும்பினார்.

அன்றைக்கே சிவப்புக் கோழி சாமான் அறைக்குப் போய், பெரிய கூடை ஒன்றுக்கு அடியில் அடைபட்டது. ஹோசியத் தினமும் குனிந்து அதற்குப் புத்தி சொன்னாள். “ஆட்டம் போட்டே இல்ல? தனியாக் கிட, அப்பத்தான் அடங்குவே.”

நான்காம் நாள் சனோபரும் மோஹிராவும் சேர்ந்து வந்து அவள் முன் நின்றார்கள். சூப்புக்கு எவ்வளவு உப்பு என்பதில்கூட ஒத்துப்போகாத இருவரும் சேர்ந்து ஒரு காகிதத்தை நீட்டினார்கள்.

“அத்தை, உங்க முட்டி வலிக்கு மலையடிவாரத்துல சேத்துக் குளியல் வைத்தியம். மூணு வாரம். ருஷ்யாவுலேர்ந்து உங்க பிள்ளைங்களே இடம் பிடிச்சுட்டாங்க” என்றாள் சனோபர்.

“நீங்க ஒரு வேலையும் செய்யக் கூடாது அத்தை” என்றாள் மோஹிரா. “படுத்துட்டே இருக்கணும். நாங்க போன் பண்ணிக்கூடத் தொந்தரவு பண்ண மாட்டோம்.”

ஹோசியத் காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தன்னைக் கண்டு பயப்படுகிறார்கள் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தாள்! சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தெருவில் ஆறு வீட்டுக்குப் போய்ச் சொன்னாள்: “மாமியார் முட்டிக்காக இப்படி உருகற மருமகளுங்க உங்க யாருக்காவது உண்டா?”

ஆறு வீட்டிலும் மாமியார்கள் தங்கள் மருமகள்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்று வாரம் கழுத்தளவு சேற்றில் கிடந்துவிட்டு, முகமெல்லாம் மினுமினுக்க வந்து டாக்சியில் இறங்கினாள். பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் நேரே கோழிகளிடம் போனாள்.

வெள்ளைக் கோழி தர்பூசணித் தோலுக்கு நடுவே நின்று நிதானமாகக் கொத்திக்கொண்டிருந்தது. கழுத்தில் இறகு முளைத்திருந்தது. சிவப்புக் கோழி மற்றவை தின்று முடிக்கட்டும் என்று வேலியோரம் ஒதுங்கி நின்றது. ஹோசியத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அடி என் ராஜாத்தி! என்னமா ஆடினே! இப்பப் பாரு உன் நெலமையை!”

இந்த வேடிக்கையை எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்று வேகமாக அறைக்குள் போனாள். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் துள்ளி எழுந்திருக்கும் மருமகள்கள் இன்று உட்கார்ந்த இடத்திலேயே, “வாங்க அத்தை” என்றார்கள்.

அவளுடைய மேல் மெத்தையில் மோஹிரா திண்டில் சாய்ந்து காலை நீட்டியிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் சனோபர். பிலாவ் தட்டில் இறைச்சி இருந்த பக்கம் அவர்களைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கதவோரம் ஒரு மெல்லிய மெத்தை காலியாகக் கிடந்தது, பக்கத்தில் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுக்கத் தேநீர்க் கெண்டி.

ஹோசியத் வாயைத் திறந்தாள். அதற்குள் ஹாஷிம் கையைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

“வா ஹோசியத், அங்க கதவோரமா உக்காரு. பயப்படாத, யாரும் கொத்த மாட்டாங்க.”