அப்புத்துரை குனிந்த நேரம்

ஜப்பான்காரனின் செய்திப்படத்தை இரண்டாம் முறை உட்கார்ந்து பார்க்காத ஒரே அறிவாளி பினாங்கில் நான்தான்.

தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

அப்புத்துரை ஐயா அப்படியல்ல. அனுமதி இலவசம் என்பதால் நாளுக்கு நான்கு காட்சியும் பார்க்கிறார் என்று என் கல்லூரி நண்பன் லாரன்ஸ் சொல்லியிருந்தான். படத்தில் வருவதே அவர்தான்.

இருபது வருஷம் முனிசிபல் உறுப்பினர். வெள்ளைக்காரன் திறந்துவைத்த ஒவ்வொரு தெருக்குழாய்க்குப் பக்கத்திலும் நின்று படம் எடுத்துக்கொண்டவர். குழாய்கள் இருக்கின்றன, வெள்ளைக்காரன்தான் ஓடிவிட்டான். இப்போது படத்தில், படகுத் துறையில் ஜப்பான் அதிகாரிக்கு முன்னால் இடுப்பொடியக் குனிகிறார். பின்னால் யார் யாரோ நிற்கிறார்கள்.

சொந்த மகனைப் புக்கிட் தெங்காவில் ஒளித்துவிட்டு, ஊரான் பிள்ளைகளைச் சயாமில் ரயில்பாதை போட அனுப்பினார் என்பது ஊருக்கே தெரிந்த கதை.

என் அண்ணனும் அப்படிப் போனவன்தான். போகும்போது என் ஒரே நல்ல சட்டையை, பை கிழிந்து நீல நூலில் நான் தைத்த சட்டையை, போட்டுக்கொண்டு போனான். ஏழு மாதமாகக் கடிதம் இல்லை. சட்டையும் இல்லை.

கல்லூரியை மூடிவிட்டார்கள். அவர் குனிவதை நான் நடித்துக் காட்டினால் சிரிக்க மிச்சம் இருந்தவன் லாரன்ஸ். போன வாரம் அவனும் பாகான் டாலாமுக்குக் குடிபோய்விட்டான்.

அதனால் நேராக உரியவரிடமே நடித்துக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. எல்லோரும் வெளியேற, முன்வரிசையில் அவர் மட்டும் எழவில்லை. நான் எதிரே போய் நின்று, மனப்பாடம் செய்திருந்த அந்தக் குனிவை அப்படியே குனிந்தேன். மூன்று விநாடி. கணக்குப் பிசகவில்லை.

அவர் கோபப்படவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“என்னைப் பாக்காதையும் தம்பி. நான் குனியேக்க, பின்னாலை நிக்கிறவையைப் பாரும்.”

அடுத்த கூட்டம் வந்து நிறைந்தது. விளக்கு அணைந்தது. நான் உட்காரவில்லை, நாற்காலி ஓரத்தில் சாய்ந்துகொண்டேன்.

திரையில் அவர் குனிந்தார்.

பின்னால், சயாமுக்குப் போகிறவர்களின் வரிசையில் முதல் ஆள் அவருடைய மகன்.

நான்காவதாக ஒரு வெள்ளைச் சட்டை. பையின் ஓரத்தில் கோணல்மாணலாக ஒரு தையல். அதற்கு மேலே அண்ணனின் முகம். யாரையோ தேடுகிற மாதிரி கழுத்தை நீட்டிப் பார்த்தான்.

அவனை வழியனுப்ப நான் அன்று துறைக்குப் போகவில்லை.

அதற்குள் அப்புத்துரை நிமிர்ந்துவிட்டார். அகன்ற தோள்கள் திரையை அடைத்துக்கொண்டன.

“ஐயா, இன்னும் கொஞ்ச நேரம் குனிஞ்சு நிண்டிருக்கலாமே” என்றேன்.



விளக்கு எரிந்தது. எல்லோரும் போனார்கள். அடுத்த காட்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

நான் உட்கார்ந்தேன்.