எந்தக் காலில் வலி?

கால் மாறியிருந்தது. தேவப்பிரியம் தன் கண்ணால் பார்த்தாள்.

விழுந்தபோது யசோதரா பிடித்துக்கொண்டது வலது கணுக்காலை. இப்போது பெஞ்சில் உட்கார்ந்து அவள் ஐஸ் வைத்துக்கொண்டிருப்பது இடது காலில்.

“ஏங்க, அந்தப் பிள்ளை நடிக்கா,” என்று கணவர் எபினேசரின் காதில் சொன்னாள்.

“சும்மா இரு பிரியம். நம்ம சுஜா எறங்குதா, அதைப் பாரு.”

சுஜா அவர்களுடைய ஒரே மகள். மூன்று வருஷமாகக் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் இருக்கிறாள். அதாவது, அணியின் பெஞ்சில் இருக்கிறாள். பெரிய போட்டி எதிலும் அவளைக் களத்தில் இறக்கியதில்லை. இது கடைசி வருஷம். அகில இந்திய மகளிர் கல்லூரிப் போட்டி திருவொற்றியூரிலேயே நடக்க, சாத்தாங்காட்டில் இரும்புக் கடை வைத்திருக்கும் எபினேசர் இன்று ஒருநாள் மட்டும் கடையை மூடிவிட்டு வந்திருந்தார்.

விளையாட்டு டீச்சராவதற்கு மேலே படிக்கப் போவதாகச் சுஜா பிடிவாதம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு மேட்ச்கூட ஆடாதவ யாருக்குச் சொல்லிக்குடுக்கப் போறா? இன்னைக்குப் பாத்துட்டுச் சொல்லுதேன்,” என்று எபினேசர் காலையில்தான் சொல்லியிருந்தார்.

யசோதரா அணியின் கேப்டன். வியாசர்பாடிப் பெண். இதுவரை ஆட்டமே அவள் கையில்தான் இருந்தது. கேரளத்து அணியைவிட ஒன்பது புள்ளி முன்னால். ஜெயித்தால் அரையிறுதி. ஆறு நிமிஷம் மிச்சமிருக்கும்போது, பக்கத்தில் ஒருத்தரும் இல்லாத இடத்தில் தானாக விழுந்தாள்.

கோச் ஃப்ளோரா வேறொரு பெண்ணைக் கூப்பிடப் போனார். யசோதராதான் விடாமல் சுஜாவைக் கை காட்டி இறக்கவைத்தாள். தேவப்பிரியம் அதையும் பார்த்தாள்.

“தோத்தா பழி நம்ம பிள்ளை தலையில விழட்டும்னு கழண்டுக்கிட்டா. அந்த ஏரியாப் பிள்ளைங்களோட சேராத, சேராதன்னு எத்தனை தடவ சொல்லியிருப்பேன்.”

சுஜா கொடுத்த முதல் பாஸ் நேராக எதிரணியின் கைக்குப் போனது. ஒன்பது புள்ளி ஐந்தானது. ஐந்து ஒன்றானது.

“கேப்டன் போனாங்கோ, மேட்சும் போச்சு,” என்றார் பின்வரிசையில் ஒருவர். தேவப்பிரியத்துக்கு முகம் சூடாகிவிட்டது. பெஞ்சைப் பார்த்தாள். யசோதரா காலை மறந்துவிட்டு எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

கடைசி நிமிஷத்தில் சுஜாவிடம் பந்து வந்தது. அவள் யோசிக்கவே இல்லை. எறிந்தாள். வளையத்தில் ஒருமுறை தட்டி, உள்ளே விழுந்தது.

எபினேசர் எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

மூன்று புள்ளியில் ஜெயித்தார்கள். எல்லாரும் களத்துக்குள் ஓட, தேவப்பிரியம் மட்டும் குடிநீர்க் குழாய்ப் பக்கம் போனாள். அங்கே யசோதரா நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தாள்.

“எந்தக் கால்லம்மா வலி?”

யசோதரா சட்டென்று இடது காலைத் தூக்கி நொண்டினாள்.

“விழுந்தப்ப வலது காலைப் பிடிச்ச.”

அவள் தரையைப் பார்த்தாள்.

“எம் மவளை மாட்டிவிடத்தான இந்த நடிப்பு? தோத்திருந்தா ஊரே அவளை ஏசியிருக்கும். உங்க மேடத்துட்ட இப்பவே சொல்லுதேன்.”

“வாணாம் ஆண்ட்டி. அவங்களுக்குத் தெரிஞ்சா நாளைக்கு செமி ஃபைனல்ல என்னை உக்கார வெச்சிருவாங்க.”

“பயமிருக்குல்ல? பெறகு ஏன் செஞ்ச?”

யசோதரா சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அங்கிள் இன்னிக்கு ஒரு நாளுதான் வருவாருன்னு சுஜா காலைலருந்து ஒண்ணும் துன்னல ஆண்ட்டி. அவரு பாக்க சொல்லோ அவளை ஒரு அஞ்சு நிமிசம் எறக்குங்கன்னு மேடத்தாண்ட ரெண்டு தபா கேட்டேன். ரிஸ்க்குன்னு சொல்லிட்டாங்க. எனுக்கு வேற வயி தெரியல.”

தேவப்பிரியம் ஓர் அடி கிட்டே வந்தாள்.

“சுஜா கேட்டாளா உங்கிட்ட?”

“அவளுக்குத் தெரியவே தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க. தானா கெடச்ச சான்ஸுன்னே நெனச்சுகினு இருக்கட்டும்.”

களத்தின் அந்தப் பக்கம் எபினேசர் மகளின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, யாரோ முன்பின் தெரியாதவரிடம், பந்து எப்படி வளையத்தில் தட்டி உள்ளே போனது என்று கையால் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

“யசோதரா.”

கோச் ஃப்ளோரா வந்துகொண்டிருந்தார். முகத்தில் ஜெயித்த சந்தோஷம் இல்லை.

“விழுந்ததும் நீ வலது காலைத்தான் பிடிச்சேன்னு ரெஃப்ரி சொல்றார். ஐஸ் வெச்சது இடதுல. எனக்கு என்னமோ சரியாப் படலை.” தேவப்பிரியத்தின் பக்கம் திரும்பினார். “நீங்க முன்வரிசையிலதானே இருந்தீங்க? உண்மையைச் சொல்லுங்க. இவ நிஜமாவே விழுந்தாளா, நடிச்சாளா?”

யசோதரா கண்ணை மூடிக்கொண்டாள்.

“ரெண்டு கால்லயும் சுளுக்கு, மேடம். நான் கண்ணால பாத்தேன். ராத்திரி தைலம் தேச்சா நாளைக்குச் சரியாயிரும்,” என்ற தேவப்பிரியம், அந்தப் பெண்ணின் கையை எடுத்துத் தன் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். “பைய நடடி, மவளே.”