முதலில் நின்றவன்

மாதுவின் கழுத்தில் சம்பங்கி மாலை விழுந்ததும் ஆஸ்பத்திரியே கை தட்டியது. இவனுக்கா காசநோய் என்று கேட்கும்படி திடமாக நின்றான் மனுஷன். கை மட்டும் அடிக்கடி இடுப்பு மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

"இவர்தான் சார் எங்க முதல் வெற்றி," என்றார் டாக்டர் ராஜாமணி. "இருமல் இல்ல, காய்ச்சல் இல்ல. அப்படியும் உள்ளே ஒளிஞ்சிருந்த நோயை நம்ம எக்ஸ்ரே வேன் கண்டுபிடிச்சுக் குடுத்தது. ஒரு வருஷம் ஊசி போட்டோம். இப்ப பாருங்க!"

சென்னையிலிருந்து வந்திருந்த கமிட்டிக்காரர் தலையை ஆட்டினார். அவர் மனசு வைத்தால்தான் ஆராய்ச்சிப் பணம் இன்னும் ஒரு வருஷத்துக்கு வரும். இல்லாவிட்டால் வேன் வந்த வழியே திரும்பிப் போய்விடும். பாப்பிரெட்டிப்பட்டி மலையடிவாரத்து ஜனங்கள் பழையபடி ரத்தம் கக்கிய பிறகுதான் டாக்டர் முகத்தைப் பார்ப்பார்கள்.

"ஒரு காலையில ஒரு ஊரையே படம் எடுக்கறீங்களாமே, எப்படி?" என்று கேட்டார் கமிட்டிக்காரர்.

"எல்லாம் நம்ம தஸ்தகீர் பாயோட வேகம் சார். தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து 'மூச்சைப் பிடி'ன்னுவார், பொத்தானை அமுக்குவார். ஆள் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். பேர்ச்சீட்டு எந்த வரிசையோ, படத்துக்குப் பேரும் அந்த வரிசைதான்."

தஸ்தகீர் சிரிக்க முயன்றார். வேன் போய்விடக் கூடாதே என்று அங்கே யாரையும்விட அதிகமாகத் தவித்தவர் அவர்தான். ஆனாலும் மாதுவைப் பார்க்கும்போதெல்லாம் குள்ளம்மாளின் ஞாபகம் வந்தது.

குள்ளம்மாள் மாதுவின் மனைவி. இண்டூர் முகாமில் புருஷனோடு அவளும் படம் எடுத்துக்கொண்டாள். இருமல் அவளுக்குத்தான் இருந்தது; எலும்பும் தோலுமாக வந்திருந்தாள். படத்தைக் கழுவிப் பார்த்தால் அவளுக்கு ஒன்றுமில்லை, நோய் புருஷனுக்கு! டாக்டரும் அவளுக்கு ஒரு பாட்டில் இருமல் மருந்தைக் கொடுத்துவிட்டார். கண்ணை நம்புவதா மெஷினை நம்புவதா என்றால், புது மெஷினைத்தானே நம்புவார்கள்?

"எனக்கு ஒண்ணுமில்லீங்களே, பாய்?" என்று அவள் தஸ்தகீரிடம் கேட்டாள்.

"கண்ணாடியாட்டம் இருக்குதும்மா. தைரியமா வூட்டுக்குப் போ," என்று சொல்லி அனுப்பினார் அவர்.

அடுத்த ஆடி பிறப்பதற்குள் அவள் போய்ச் சேர்ந்தாள். படத்தில்தான் ஒன்றுமில்லையே என்று அவளை யாரும் மறுபடி கூட்டி வரவில்லை.

அன்றிலிருந்து தஸ்தகீர் இருட்டறையில் படம் கழுவ நின்றால் முதுகுக்குப் பின்னால் ஓர் இருமல் கேட்கிறது. அப்புறம் அந்தக் குரல். 'ஒண்ணுமில்லீங்களே, பாய்?' திரும்பிப் பார்க்க நெஞ்சில் துணிச்சல் இல்லாமல், கையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு ஓதியபடியே நிற்பார். வீட்டில் மனைவி அமீனாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

கமிட்டிக்காரர் விளக்குப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். மாதுவின் இரண்டு படங்கள் அதில் தொங்கின. சிகிச்சைக்கு முன்னால் எடுத்ததில் நுரையீரல் முழுக்க ஓட்டையும் புகையுமாக இருந்தது. பின்னால் எடுத்தது பளிச்சென்று இருந்தது.

"ஆச்சரியமா இருக்கே, ஒரு தழும்புகூட இல்ல!" என்றவர், முதல் படத்தைக் கூர்ந்து பார்த்தார். "இது என்ன, கழுத்துக்குக் கீழே?"

ஓரம் கடித்த காசு மாதிரி ஒரு சின்ன வெள்ளை.

"தாயத்தா இருக்கும் சார்," என்றார் தஸ்தகீர். "கழட்டச் சொன்னா சாமி குத்தம்னு கேக்க மாட்டாங்க."

கமிட்டிக்காரர் சிரித்துவிட்டு மாதுவிடம் திரும்பினார். "என்னய்யா, படம் எடுக்கறப்ப பயந்தியா?"

"எனக்கு என்னங்க பயம்? எம் பொண்டாட்டிதாங்க பயந்தா. மெசினு உசுர உறிஞ்சிப்போடும்னு எவனோ சொல்லிட்டான். அவ பேரைத்தான் மொதல்ல கூப்புட்டாங்க, காலு ஓடல அவளுக்கு. நான் மொதல்ல போயி நிக்கறன், பாத்துட்டு அப்பறமா நீ வா புள்ளேன்னு நான் ஏறிட்டங்க. நான் முழுசா எறங்கி வந்ததும்தான் அவ ஏறுனா."

"பரவாயில்லையே, நல்ல புருஷன்!" என்று எல்லாரும் சிரித்தார்கள்.

பட்டப்பகலில், அத்தனை பேர் நடுவில், தஸ்தகீருக்கு அந்த இருமல் கேட்டது.

"டாக்டர், பணத்துக்கு நான் எழுதிடறேன்," என்றார் கமிட்டிக்காரர். "வேன் இங்கேயே இருக்கட்டும்."

மறுபடியும் கைதட்டல். மாது அதைக் காதில் வாங்கவே இல்லை. அந்தப் பழைய படத்தை இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறான். மாலையோடு விளக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் போனவன், அந்த வெள்ளையை விரலால் தடவினான்.

பிறகு இடுப்பு மடியை அவிழ்த்தான். சாயம் போன மஞ்சள் கயிறு ஒன்று வெளியே வந்தது. அதில் கோத்திருந்த தங்கப் பொட்டை எடுத்து, படத்தின் மேல் வைத்துப் பிடித்தான். ஓரம் ஒடிந்த இடம்கூட அச்சாகப் பொருந்தியது.

"நான் எந்தக் காலத்துலயும் தாயத்து கட்டுனதில்லீங்க, பாய்," என்றான் மாது. "இது குள்ளம்மா தாலிங்க."