இரண்டு டம்ளர் தண்ணீர்

நீடாமங்கலம் கடைத்தெருவின் வெயில் மருந்துக்கடையின் பழுப்புப் புட்டிகளில் தேங்கி நிற்கிறது. நடவுச் சேறு காயாத கையால் காத்தாயி பேதி மாத்திரையின் காலி அட்டையை நீட்டுகிறாள். நாலு நாளாக அவள் வயிறு கல்லாக இறுகிக் கிடக்கிறது. கடைக்காரர் ஜெய்னுலாபுதீன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "இந்த மாசத்துல இது மூணாவது அட்டைம்மா. இதையே தினம் போட்டுக்கிட்டிருந்தா குடல் சோம்பிப் போயிடும்." இசப்கோல் உமியைக் காகிதத்தில் மடித்துத் தருகிறார். "இதைக் கரைச்சுக் குடிச்சிட்டு மேல ரெண்டு டம்ளர் தண்ணி குடிக்கணும். பகல்லயும் நிறையக் குடிக்கணும். தண்ணி இல்லாம சாப்பிட்டா உள்ளயே அடைச்சுக்கும்." பொட்டலம் அவள் உள்ளங்கையில் எடையே இல்லாமல் இருக்கிறது. அவர் ஊற்றி வைத்த டம்ளரை அவள் தொடவில்லை. "பகல்ல தண்ணியே குடிக்கிறதில்லீங்க பாய். கூலி ஒசத்திக் கேட்டு நாங்க செங்கொடி நட்டதுலேர்ந்து, நாங்க ஒதுங்குற வாய்க்கா கரை, மூங்கித் தோப்பு எல்லாத்தையும் பண்ணையார் முள்ளு போட்டு அடைச்சுட்டாரு. குடிச்சா இருட்டுற வரைக்கும் அடக்கணும்." லாரி ஒன்று கடந்து போகிறது. டம்ளரில் தண்ணீர் நடுங்கி அடங்குகிறது. "அடக்கக் கூடாதும்மா. வந்தவுடனே வெளிக்குப் போயிடணும்," என்கிறார் அவர், குரலைத் தாழ்த்தி. காத்தாயி பொட்டலத்தை முந்தானையில் முடிகிறாள்.

"வெளி எங்கங்க இருக்கு?"