நாற்பதாவது கிளையின் கொசுறு

அந்த சூப்பர் மார்க்கெட்டின் நாற்பதாவது கிளையில் எல்லாமே இயந்திரங்கள். மனிதருக்கென்று இருந்த ஒரே வேலை மேனகாவுக்குக் கிடைத்தது. எதிரே தள்ளுவண்டிக்கார அமராவதியிடம் காய் வாங்கப் போகக்கூடியவர்கள் யாரென்று காதுக்கருவி சொல்லும். அவர்கள் பையில் கறிவேப்பிலையைக் கொசுறாகப் போட்டுச் சிரிக்க வேண்டும்.

ஒருநாள் வண்டியைக் காணோம். அமராவதியே உள்ளே வந்து தக்காளி வாங்கினாள். மேனகாவின் கை தன்னால் கறிவேப்பிலைக் கூடைக்குப் போனது.

"வேண்டாம். இனி யாருக்குமே வேண்டாம்," என்றது கருவி. "அவர்களுக்கு வேறு கடை இல்லை."

தன் வேலையும் போயிற்று என்று மேனகாவுக்குப் புரிந்தது. கருவியைக் கழற்றிவிட்டு, கூடையை அப்படியே அமராவதியின் பையில் கவிழ்த்தாள்.

"இவ்ளோ எதுக்கும்மா?"

"எனக்கும் இன்னியோட சரிக்கா."

அமராவதி பையிலிருந்து ஒரு கொத்தை எடுத்து மேனகாவின் கையில் திணித்தாள்.

"ரசத்துக்கு ஆகும், சும்மா வெச்சுக்கோ."