ஒற்றைப் பூட்ஸ்

வலேரியன் தன் புது நாவலின் அத்தியாயத்தை விருந்தாளிகளுக்கு உரக்க வாசிக்கிறான். பனிக்கால வெயில் தாளில் சரிந்து விழுகிறது. கரியில் டீத்தண்ணீர் கொதிக்கும் சமோவார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தங்கை ஃபைனாவின் கையில் கரண்டி அப்படியே நின்றுவிடுகிறது. கதையில், ஊரைவிட்டுக் கிளம்பும் காதலனைத் தடுக்க ஒருத்தி அவனுடைய பூட்ஸில் ஒன்றை ஒளித்துவைக்கிறாள். அவனோ வண்டிக்காரனின் கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டு போயே விடுகிறான். விருந்தாளிகள் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். தனக்கு நடந்த இதை ஃபைனா அழுதபடி சொன்னது அண்ணன் ஒருவனிடம்தான். "அட அசடே! அப்புறம் அந்தப் பூட்ஸை என்னதான் பண்ணினாளாம்?" என்று சிரித்துக் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொள்கிறார் விருந்தாளிகளில் ஒருவரான டாக்டர். "சமோவாருக்குத் துருத்தியா வெச்சுக்கிட்டா. தினமும் தொட்டுக்கலாமில்ல!" என்கிறான் வலேரியன். மறுபடி கிளம்பிய சிரிப்பு பாதியில் நிற்கிறது. ஒவ்வொரு தலையாக, சமோவாரின் காலடியில் கிடக்கும் ஒற்றைப் பூட்ஸ் பக்கம் திரும்புகிறது. சமோவாரின் புகைக்குழாய்மேல் கவிழ்த்து அமுக்கி அமுக்கிக் கரியை ஊதியதில் அதன் தோல் சுருங்கிக் கறுத்திருக்கிறது. வலேரியன் மட்டும் நிமிராமல் தாளைப் புரட்டுகிறான்.

"கரி அணையுது பாரு, ஃபைனா. ஊது."

அவள் பூட்ஸை எடுக்கிறாள். எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். சமோவாரின் முணுமுணுப்பு மெல்ல அடங்குகிறது.

"இன்னிக்கு டீ கிடையாது," என்கிறாள். "அதையும் எழுதிக்கோ, அண்ணா."